மேனேஜர் நின்ற வாசல்

"குதிரையக் கெடுத்தவன் இவன்தாம்மா. நல்லா நின்னுக்கினு இருந்த குதிரை—"

"நின்னுக்கினு மட்டுந்தான் சார் இருந்துச்சி. நான் வர்றதுக்கு முன்னாடி அது ஒரு அடி எடுத்து வெச்சி யாராச்சும்—"

"பாத்தீங்களா, எப்பிடி எதுத்துப் பேசறான்னு. அறுவது வயசுல என்னைய நடுத்தெருவுல—"

"உங்களுக்கு அறுவதுன்னு குதிரைக்கு எப்பிடி சார் தெரியும்?"

ஸ்டேஷனில் ஃபேன் மிக வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காகிதம் பறக்காமல் இருக்க ரைட்டர் அழகர்சாமி இரண்டு முழங்கைகளையும் மேஜைமேல் ஊன்றியிருந்தார். அப்படி ஊன்றிக்கொண்டு எப்படி எழுதுவார், பாவம். "ஃபேனை ஒரு புள்ளி குறைச்சா அவருக்குச் சௌரியமா இருக்கும்" என்றேன். அன்றைக்கு நான் முதலில் சொன்னது அதுதான். யாரும் குறைக்கவில்லை.

கத்திக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன். இடது மணிக்கட்டில் கட்டு. அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் பிரதாப். பெங்களூர்ப் பக்கமிருந்து வாரத்தில் இரண்டு நாள் பைக்கில் வந்து எங்கள் குதிரைக்குப் பயிற்சி கொடுப்பவன். பெஞ்சின் ஓரத்தில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சரசம்மா. எங்கள் ஊர் டெய்லர். மனு கொடுத்தவள் அவள்தான்.

எஸ்.ஐ. வினோதா அந்த மனுவை இரண்டாவது முறையாகப் படித்தார். அது மாதிரி ஒரு மனு அந்த ஸ்டேஷனுக்கு முன்பு வந்திருக்காது. 'என் வாசலில் அந்தக் குதிரை ஏன் நின்றது என்று போலீஸார் கண்டுபிடித்து எழுத்தில் தர வேண்டும்' என்று கேட்டிருந்தாள்.

காரணம் இருந்தது. அவள் மகள் சுவாதிக்கு மத்தூரில் இடம் அமைந்து, வெள்ளிக்கிழமை நிச்சயம் செய்வதாக இருந்தது. குதிரை நின்றதற்கு மறுநாள், பையனின் தாய்மாமன் குருமூர்த்தி போன் செய்து, "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். எதைப் பொறுத்து, எதைப் பார்க்க என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா பிரதாப், நீ ட்ரெயின் பண்ண குதிரை. நீதான் பதில் சொல்லணும்" என்றார் எஸ்.ஐ. பிரதாப் வாயைத் திறந்தான். கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் பெயர் கெட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் அவனிடம் குதிரையை விடமாட்டார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன். "அந்தப் பையன்மேல தப்பில்ல. எழுதிக்கங்க ரைட்டர் சார். செஞ்சது நான்."

ஃபேனைக் குறைத்தார்கள்.

*

அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ரோட்டோரக் கொல்லை நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்த பிறகு என் வீட்டுக்காரருக்குப் பொழுது மிஞ்சிப் போயிற்று. மிச்சமிருக்கும் ரோஜா ஷெட்டை நானும் வேலைக்கு வரும் மாரம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். அவர் தன் அறுபதாம் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். முதல் கல்யாணத்தில் அவர் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தது, உரம் ஏற்றிய டிராக்டரில். அந்தக் குறை முப்பத்துமூன்று வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது. "இந்தத் தடவ குதிரையிலதான் வருவன்" என்றார்.

வாடகைக்கு எடுத்திருக்கலாம். அவர் குதிரையையே வாங்கிவிட்டார். ஓசூரில் பேண்டு செட்டுக்காரர் ஒருவரிடம் பன்னிரண்டு வருஷம் கல்யாணம் கல்யாணமாகப் போய்வந்த வெள்ளைக் குதிரை. நிற்பதில் அதற்கு ஈடு கிடையாது. காதோரம் டிரம்பெட் ஊதினாலும் நிற்கும், வாலடியில் வெடி வைத்தாலும் நிற்கும். பன்னிரண்டு வருஷமாக முன்பின் தெரியாத மாப்பிள்ளைகள் விலாவில் உதைத்து உதைத்து, உதை என்பது ஏதோ மழைத்தூறல் மாதிரி அதற்கு ஆகிப்போயிருந்தது. நடப்பதுதான் கஷ்டம்.

மாரம்மா இரண்டே நாள் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தாள். "நெழல்லயே நிக்குது. யார் சொன்னாலும் கேக்கறதில்ல. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் போவணும். எம் பையன் கம்பெனில இப்பிடித்தான் ஒரு மேனேஜர் இருக்காராம்." அன்றிலிருந்து மேனேஜர். "மேனேஜருக்குக் கொள்ளு வெச்சாச்சா?" "மேனேஜர் சேணத்தக் கீழ தள்ளிட்டாருங்கோ." அப்படித்தான் வீட்டில் பேச்சு.

மேனேஜரை நடக்க வைக்கத்தான் பிரதாப் வந்தான். முதல் நாள் இவர் ஏறி உட்கார்ந்து "நட" என்றார். நடக்கவில்லை. "நடங்க" என்று மரியாதையாகவும் சொல்லிப் பார்த்தார். பிறகு இறங்கி, "மொதல்ல அது கத்துக்கட்டும், அப்புறம் நான் கத்துக்கறன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். நான் காபி கொண்டுபோயிருந்தேன். பிரதாப் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேடம், நீங்க ஏறிப் பாக்கறீங்களா? வெயிட்டு சொல்ப கம்மி" என்றான். சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். அவன் எல்லாவற்றுக்கும் சொல்ப போடுவான்.

அப்படித்தான் ஐம்பத்தைந்து வயதில், பெட்டியில் கிடந்த என் பெண்ணின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

பிரதாப் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை இப்போதும் ஒப்பிப்பேன். "மேடம், ஒரு தடவ லேசா கேளுங்க. கால ஒரு இலை படற மாதிரி வெச்சி அழுத்துங்க. கேக்கலியா, ஒரே ஒரு தடவ குச்சியால கறாரா ஒரு தட்டு. நடந்துச்சின்னா அந்த நிமிசமே விட்டுடுங்க. திரும்ப நிறுத்தி, மறுபடியும் லேசா கேளுங்க. சும்மா தொணதொணன்னு உதைச்சிக்கினே இருந்தா அதுக்குக் காது செத்துரும்."

இதை முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

பத்தடி நடை, நிறுத்தம். எட்டடி நடை, நிறுத்தம். மூன்றடி பின்னால். மறுபடி நடை, அதிலிருந்து துள்ளு நடை, அதிலிருந்து நடை. நிறுத்தும்போது கடிவாளத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது; முதுகை நிமிர்த்தி, மூச்சை ஒரு கணம் பிடித்தால் அதற்குப் புரிய வேண்டும். லைசென்ஸுக்குப் போடுவது மாதிரி எட்டு. ரோஜா ஷெட்டுக் கம்பங்களுக்கு நடுவில் பாம்பு வளைவு. ஒரு காலை மட்டும் அழுத்தினால் குறுக்காக விலகிப் போவது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், அதற்குமேல் கிடையாது. பன்னிரண்டாம் நாள் நான் மூச்சைப் பிடித்தேன், மேனேஜர் நின்றது. என் பேச்சை ஒரு தடவையில் கேட்ட முதல் ஜீவன் அதுதான்.

இவருக்கு ஒன்றும் தெரியாது. பிரதாப்தான் பழக்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். காலை ஐந்தரைக்கு அவர் வாக்கிங் போன பிறகு நான் சேணம் கட்டுவேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் ஆரம்பத்தில் போனில் வீடியோ எடுத்தார்கள். பத்து நாளில் அலுத்துப்போய்விட்டது.

*

வாக்கிங் என்று சொன்னேன். அங்கேதான் விஷயம்.

முப்பத்துமூன்று வருஷமாக, தெருமுனைக் கடைக்குப் போகக்கூட வண்டி எடுத்த மனுஷன் திடீரென்று நடக்க ஆரம்பித்தார். தலைக்கு டை அடித்தார். ஒரு நாள் சட்டைத் தோளில் அரக்குக் கலரில் ஒரு பட்டு நூல் ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் பீரோவிலிருந்து என் பச்சை ஜாக்கெட்டைக் காணவில்லை.

எங்கள் ஊரில் நூல் இருக்கும் வீடு ஒன்றுதான். சரசம்மா புருஷனைப் பறிகொடுத்தவள். பத்து வருஷமாக என் ஜாக்கெட்டெல்லாம் அவள் தைத்ததுதான். சாயங்காலம் வேலை முடிந்தால் அவள் வீட்டில்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். என் அளவு அவளிடம் இருக்கிறது. பிறகு என் பழைய ஜாக்கெட் அவளுக்கு எதற்கு என்று யோசித்தேன். நன்றாக யோசித்தேன். அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இவரிடம் ஒரு முறை லேசாகக் கேட்டேன். "எங்க போயிட்டு வர்றீங்க?"

"வாக்கிங்."

அதற்குமேல் கேட்டால் தொணதொணப்பு. காது செத்துவிடும்.

அந்த வாரம்தான் பிரதாப் அடுத்த பாடம் எடுத்தான். "மேடம், கீழ பாக்காதீங்க. நீங்க எங்க பாக்கறீங்களோ குதிரை அங்க போவும். தலை திரும்புனா தோள் திரும்பும், தோள் திரும்புனா இடுப்புல கனம் மாறும். நீங்க மாத்தினது உங்களுக்கே தெரியாது. அதுக்குத் தெரியும். நல்லாப் பழகின குதிரைகிட்ட எதையும் மறைக்க முடியாது."

அன்று மத்தியானம் ரோஜா வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அழ வேண்டியதில்லை. வேவு பார்க்க வேண்டியதில்லை. மனுஷன் வாயை அடக்கலாம், கண்ணைக் கூட அடக்கலாம்; இடுப்பை அடக்க முடியாது. குதிரையை மட்டும் நன்றாகக் காது கொடுக்கிற குதிரையாக ஆக்கிவிட்டால் போதும். மாப்பிள்ளை அழைப்பு அன்று அவரை ஏற்றி, சரசம்மா வீட்டைத் தாண்டிக் கூட்டிப்போனால், உண்மை தானாக நடந்து போய் நிற்கும். நான் எதையும் செய்யப்போவதில்லை. பழக்குவது மட்டும்தான் என் வேலை.

நாற்பத்தொரு நாள் ஒழுங்காகப் பழக்கினேன். பிரதாப் ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பு. "ஒரே எடத்துல தெனமும் நிறுத்தாதீங்க மேடம். நிறுத்தினா அது உங்களக் கேக்காது, எடத்த மனப்பாடம் பண்ணிக்கும்." நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். இன்றைக்கு மூன்றாம் கம்பத்தில் நிறுத்தினால் நாளைக்கு ஏழாம் கம்பம். நேற்று வலப்பக்க வட்டம் என்றால் இன்று இடப்பக்கம். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றினேன்.

பயிற்சி முடிந்ததும், வேர்வை ஆறட்டும் என்று தெருப்பக்கம் ஒரு சுற்று போவேன். அது பயிற்சியில் சேராது. அந்தச் சுற்றில் சரசம்மா வாசலில் ஒரு நிமிஷம் நிற்பது உண்டு. இவருடைய செருப்பு கிடக்கிறதா என்று பார்க்கத்தான். வேவு இல்லை, தெருவில் போகிற யாருக்கும் கண்ணில் படுகிற செருப்புதான். சில நாள் கிடக்கும், சில நாள் கிடக்காது. நான் பார்த்து முடிக்கும் வரை மேனேஜர் பொறுமையாக நிற்கும். அந்தப் பொறுமைக்காக மடியிலிருந்து ஒரு கட்டி வெல்லம் எடுத்துக் கொடுப்பேன். நல்லதைச் செய்தால் உடனே கொடுத்துவிட வேண்டும் என்பதும் பிரதாப் சொன்னதுதான்.

*

மற்ற ஏற்பாடுகளையும் நானே செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மெயின் ரோட்டிலேயே போகலாம். சரசம்மா தெரு வழியாகச் சுற்றிப்போக வைத்தேன். அங்கே புளியமர நிழல் இருக்கிறது. பேண்டுக்காரர்களிடம் அந்தத் தெருவில் மட்டும் மெதுவாக வாசிக்கச் சொன்னேன். வீடியோக்காரரிடம், அங்கே வரும்போது மாப்பிள்ளையின் முகத்தை விட்டு கேமராவை எடுக்கக்கூடாது என்று சொன்னேன்.

மத்தூர்க்காரர்களுக்கு நானே நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். குருமூர்த்தி மிகவும் நெகிழ்ந்துபோனார். "நாங்க இன்னும் சம்பந்தியே ஆவல, இவ்ளோ தூரம் வந்திருக்கீங்களே" என்றார். கல்யாணத்துக்கு வந்த அன்று அவர்களுக்கு மண்டபத்தில் இடம் போடவில்லை. சரசம்மா வீட்டுக்கு எதிரே, நிழலில், எட்டு நாற்காலி போட்டு ரோஸ் மில்க் கொடுத்து உட்கார வைத்தேன். ஊர்வலம் நன்றாகத் தெரியும் என்று சொன்னேன். தெரிந்தது.

ஏன் அப்படி என்று எஸ்.ஐ. இந்த இடத்தில் குறுக்கே கேட்டார். நியாயத்துக்குத்தான் என்றேன். எங்கள் சொந்தக்காரர்கள் சாட்சி சொன்னால் பக்கம் பேசுகிறார்கள் என்று ஆகும். வெளியூர்க்காரர்கள் என்றால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. தவிர, பெண் எடுக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. சுவாதி நல்ல பெண். என் மடியில் வளர்ந்தவள். அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவே இல்லை.

அழகர்சாமி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுதினார்.

ஊர்வலத்தைப் பற்றி நான் பெருமையாகத்தான் சொல்வேன். தலைப்பாகை, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்க, மேனேஜர் நடந்த அழகு இருக்கிறதே. நான் சீர்த்தட்டோடு பின்னால் வந்தேன். தெருவுக்குள் திரும்பியதும் அதன் காது இரண்டும் முன்னால் போயின. சரசம்மா வாசல் வந்தது. ரோட்டை விட்டு இடப்பக்கம் நாலே அடி. நாலு காலையும் சமமாக வைத்து, ஒரு மேஜையைப் போல நின்றது.

"ஏய். நட. நட கண்ணு" என்றார் இவர். உதைத்தார். மேனேஜர் கழுத்தை வளைத்து அவருடைய முழங்காலை ஒரு மாதிரி பார்த்தது. கால் போ என்கிறது, கண் இங்கேயே என்கிறது. பழகின குதிரை எது நுட்பமோ அதைத்தான் கேட்கும். எனக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

குதிரை நின்றதும், ஆடுவதற்காகத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து பேண்டுக்காரர்கள் குத்துப் பாட்டை எடுத்துவிட்டார்கள். என் நாத்தனார் பிள்ளைகள் இறங்கி ஆட ஆரம்பித்தார்கள். இருபது நிமிஷம். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றால் அந்த வீட்டிலிருந்து ஆரத்தி வர வேண்டும் அல்லவா. சரசம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. தான் எடுக்கக்கூடாது என்று, தட்டைக் கரைத்து சுவாதியிடம் கொடுத்து அனுப்பினாள். குருமூர்த்தி ரோஸ் மில்க்கைக் கீழே வைத்தார். அவர் தங்கை மகனுக்குப் பார்த்த பெண், அறுபது வயது மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தாள். "தட்டு ரெடியாவே இருந்துச்சி பாரு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பொட்டு வைத்துக்கொள்ள இவர் குனிந்தார். குனிந்தவர் அப்படியே வழுக்கி வந்துவிட்டார். அதுதான் மணிக்கட்டு.

நான் தட்டை மாரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய், மேனேஜர் பக்கத்தில் நின்று நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தேன். என் பின்னாலேயே வந்தது. தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சை ஐயர்தான் போட்டார். இவரால் ஒரு கையால் முடியவில்லை.

*

"அவ்வளவுதான். உள்ளபடி சொல்லிட்டன்" என்றேன்.

முதலில் பேசியவர் என் வீட்டுக்காரர். அவர் கேட்டது சரசம்மாவைப் பற்றி அல்ல.

"எனக்கு நடக்காத குதிரை உனக்குத் துள்ளு நடை போட்டுச்சா?"

சரசம்மா மடியிலிருந்த துணிப்பையைத் திறந்தாள். என் பச்சை ஜாக்கெட் வந்தது. அதன்கூட அரக்குக் கலரில் ஒரு புதுப் பட்டு ஜாக்கெட். முதுகில் முழுக்கக் கைவேலை, இரண்டு பக்கமும் மயில். "அறுவதாங் கல்யாணத்துக்கு உனக்குத் தெரியாமத் தைக்கணும்னு அண்ணன் சொன்னாரு. அளவு எங்கிட்டயே இருக்குன்னு சொன்னன், கேக்காம இத எடுத்தாந்தாரு. கலர் புடிக்குமா, மயில் பெருசா இருக்குதான்னு தெனமும் வந்து தொந்தரவு. அவரு கோட்டும் நான்தான் தெச்சன். போட்டுக்கச் சொல்லி உங்கிட்டக் குடுக்கறதுக்குள்ள தெருவே சிரிச்சிட்டுது."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நான் ஜாக்கெட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். நல்ல வேலை. கை மட்டும் கொஞ்சம் லூஸ்.

"அப்ப குதிரை சொன்னது சரிதானே" என்றேன். "அவரு இந்த வீட்டுக்குத்தான் போயிருக்காரு. எதுக்குப் போனாருன்னு நான் குதிரையக் கேக்கலியே."

வினோதா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "பாக்கற பக்கம் போவும்னு சொல்றீங்க இல்ல? வாங்க, போயிப் பாத்துரலாம். மத்தூர்க்காரருக்கும் போன் போடுங்க, அவரும் வரட்டும்."

*

நாலு மணிக்கு அந்தத் தெருவில் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. குருமூர்த்தி காரை விட்டு இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரதாப் மேனேஜரைத் தெரு முனையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

முதலில் அழகர்சாமியை ஏறச் சொன்னார்கள். ஒரு கையில் பிடரி, ஒரு கையில் சேணம், கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டார். மேனேஜர் அழகாக நடந்து வந்தது. சரசம்மா வாசல். இடப்பக்கம் நாலடி. மேஜை.

"மேடம், மதுரையில இருந்து மாத்தலாகி வந்தே ரெண்டு வாரந்தேன் ஆச்சு" என்றார் அவர் மேலிருந்தபடியே. "அந்தம்மா பேரே இன்னைக்குத்தேன் மேடம் தெரியும்."

இரண்டே வாரத்தில். அழகர்சாமி அப்படிப்பட்டவர் என்று நான் நினைத்திருக்கவில்லை. எழுதும்போதெல்லாம் தலை குனிந்தே இருந்த மனுஷன்.

"எறங்குங்க" என்றார் எஸ்.ஐ. "நான் ஏறறன்."

பிரதாப் முட்டியில் கைகொடுத்து அவரை ஏற்றிவிட்டான். "ரைட்ல தண்ணி டேங்க் தெரியுதில்ல? நான் அதை மட்டுந்தான் பாப்பேன். எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கங்க" என்றார். பார்த்தோம். டேங்கைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. தலை, தோள், இடுப்பு எல்லாமே வலப்பக்கம். மேனேஜர் அவர் தோளைப் பொருட்படுத்தவில்லை, இடுப்பைப் பொருட்படுத்தவில்லை. காது இரண்டும் முன்னால் போயின. இடப்பக்கம் நாலடி வைத்து, சரசம்மா வாசலில் சமமாக நின்றது. நின்று, கழுத்தை வளைத்து, உதட்டால் எஸ்.ஐ.யின் முழங்காலைத் தடவித் தடவித் தேடியது.

"என்ன கேக்குது இது?"

பிரதாப் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "வெல்லம் கேக்குது மேடம். அது யாரையும் கேட்டு இங்க நிக்கல. யாரோ தெனமும் இந்த எடத்துல நிறுத்தி வெல்லம் குடுத்திருக்காங்க. எடத்த மனப்பாடம் பண்ணியிருக்கு."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். கார்க் கதவுக்குள்ளிருந்து வந்தது அந்தச் சிரிப்பு. குருமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து, "சரசம்மா, மன்னிச்சிக்கங்க. வெள்ளிக்கெழம காலையிலயே வந்துடறம். ரோஸ் மில்க் மட்டும் வேணாம்" என்றார். உள்ளே கதவுக்குப் பின்னால் சுவாதியின் வளையல் சத்தம் கேட்டது. அழகர்சாமி என்னைப் பார்த்த பார்வையில், அவர் பேரை வாக்குமூலத்தில் சேர்த்துவிட வேண்டாம் என்ற கெஞ்சல் இருந்தது.

என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்காமல் தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சைப் பிடித்திருந்தேன் என்று நினைக்கிறேன்; மேனேஜர் அசையவே இல்லை.

பயிற்சியில் குறை கிடையாது என்று இப்போதும் சொல்வேன். நோட்டு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தெருச்சுற்று அதில் இல்லை. அது பயிற்சியில் சேராது.

சரசம்மா உள்ளே போய்விட்டு வெளியே வந்தாள். ஒரு கையில் மேனேஜருக்கு வெல்லம். இன்னொரு கையில் எனக்கு ஒரு டம்ளர் காபி. வெல்லத்தை முதலில் கொடுத்தாள்.

"நாப்பது நாளும் காலையில உனக்குன்னு ஒரு டம்ளர் சேத்துப் போட்டு வெச்சன். ஜன்னல்ல பாத்துக்கினுதான் இருந்தன், இன்னைக்கு எறங்குவ, நாளைக்கு எறங்குவன்னு. குதிரைக்கு அவ்ளோ சொல்லிக் குடுத்தியே அக்கா, ஒரு நாளு எறங்கி உள்ள வந்து, 'சரசு, என் பச்சை ஜாக்கெட் உங்கிட்ட இருக்குதா'ன்னு லேசா ஒரு தடவ கேட்டிருந்தா என்னா?"